இரண்டு மில்லிமீட்டர் கோணல்

எனக்குக் காலையில் சீக்கிரமே விழிப்பு வந்துவிடும் மேடம். இதை இதுவரை யாரும் ஒரு குற்றமாகச் சொன்னதில்லை. ஏழு மணிக்கெல்லாம் லேப் கதவைத் திறந்துவிடுவேன். ஜன்னல்களைத் திறந்து, முந்தின நாள் பிள்ளைகள் மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போன டீ கப்புகளைப் பொறுக்கி, தரை துடைக்க ஆள் வருவதற்குள் வயர்களைச் சுருட்டி வைத்திருப்பேன். பதினாறு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. புது மாணவர்கள் சேரும் நாளில் நீங்களே என்னைக் காட்டி, "இந்த லேப்ல மெஷின் ரிப்பேர் ஆகும், இவர் ரிப்பேர் ஆக மாட்டார்" என்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

விளக்கக் கடிதம் அரைப் பக்கம் இருந்தால் போதும் என்றீர்கள். அரைப் பக்கத்தில் எழுதினால் விஷயம் கேவலமாகத் தெரியும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். துறைத் தலைவராக இருந்துகொண்டு வருடத்துக்கு இருபது ஆய்வறிக்கை திருத்துகிறவர் நீங்கள். இதைவிட நீளமானவற்றையெல்லாம் பொறுமையாகப் படித்திருக்கிறீர்கள்.

நேற்று விசாரணைக்கு உட்கார்ந்த மூன்று பேரும் கேட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. எந்த மாணவனுக்காகச் செய்தீர்கள், யார் தூண்டிவிட்டார்கள் என்று ஒருவர் கேட்டார். கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் சார் பாவம், வெளியிலிருந்து யாரோ இணையம் வழியாக உள்ளே நுழைந்து என் பெயரில் செய்திருக்கலாம் என்று எனக்காகப் பரிந்து பேசினார். அவருக்கு என் நன்றி. ஆனால் வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை. நான்தான் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தேன்.

உங்கள் கையிலிருந்த தாளில் முப்பத்தெட்டு முறை என்று இருந்தது. அது தப்பு. நாற்பத்தொன்று. அந்தக் கணக்கு எப்படி மூன்று குறைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனால் விசாரணைக் குழுவில் மற்ற இருவரும் ரோபோவை விளம்பரத்தில் மட்டும் பார்த்தவர்கள் என்பது அவர்கள் கேள்வியிலேயே தெரிந்தது. நம் லேப் வாசலில் 'திறன்மிகு உற்பத்தி மற்றும் தொழிலக ரோபோவியல், முதுநிலைப் பட்டப்படிப்பு' என்று ஒரு முழ நீளத்துக்குப் பலகை தொங்குகிறது. உள்ளே இருப்பது நான்கு ரோபோ கைகள். பார்க்க யானைத் துதிக்கை மாதிரி இருந்தாலும் அறிவில் அவை கைக்குழந்தைகள். மேசை எங்கே இருக்கிறது என்றுகூட அவற்றுக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். மேசையின் ஒரு மூலையில் கூரான ஊசி ஒன்று நட்டிருக்கும். ரோபோவின் கையில் இன்னொரு ஊசியை மாட்டி, மெதுவாகக் கொண்டுவந்து, இரண்டு முனையும் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டால் மேசை இருக்கும் இடம் ரோபோவுக்குச் சரியாகத் தெரிகிறது என்று அர்த்தம். தொடாவிட்டால் திரையில் இருக்கும் எண்களைத் திருத்த வேண்டும். லேப்பில் இதற்கு 'ஊசிக்கு ஊசி' என்று பெயர். தினமும் காலையில் நான் நான்கு ரோபோவுக்கும் ஊசிக்கு ஊசி பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவேன். பிறகு ஊசியைக் கழற்றி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவேன். கூரான பொருள், பிள்ளைகள் நடமாடும் இடம்.

மாணவர்கள் யாரும் அதைத் திரும்பச் சரிபார்ப்பதில்லை. புரோகிராமைச் சந்தேகப்படுவார்கள். கேமராவை, வெளிச்சத்தை, காற்றழுத்தத்தை, ஏன், தாங்கள் எடுத்த மதிப்பெண்ணையே சந்தேகப்படுவார்கள். நோட்டில் என் கையெழுத்து இருந்தால் ஊசியை மட்டும் சந்தேகப்பட மாட்டார்கள். இது எங்கும் எழுதிவைத்த விதியில்லை. பதினாறு வருடப் பழக்கம்.

இனி உங்கள் மாணவிக்கு வருகிறேன். அதாவது என் மனைவிக்கு.

அவள் படிக்க வேண்டும் என்றபோது நான்தான் விண்ணப்பம் வாங்கிவந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும், "என்னங்க, உங்க லேப்ல இருக்குற கோர்ஸுக்கு நான் பரீட்சை எழுதிப் பாக்கட்டுமா?" என்றாள். எழுது என்றேன். முப்பத்தொன்பது வயதில் நுழைவுத் தேர்வு எழுதுகிறவளுக்கு இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஆசையை ஏன் கெடுக்க வேண்டும்?

அவள் பட்டியலில் இரண்டாவதாக வந்தாள். ஊரே மூக்கின் மேல் விரல் வைத்தது. எனக்கும் பெருமைதான். ஒரே ஸ்கூட்டரில் வருவோம். வாசலில் இறங்கியதும் அவள் வகுப்புக்குப் போவாள், நான் லேப்புக்குப் போவேன். வகுப்பில் எல்லாரும் அவளை 'அக்கா' என்றார்கள், என்னை 'அண்ணே' என்றார்கள். முறைப்படி பார்த்தால் நாங்கள் உடன்பிறந்தவர்கள் ஆகிவிட்டோம் என்று வீட்டில் கேலி செய்துகொள்வோம். முதல் வருடம் முழுக்க அப்படிச் சிரிப்பும் விளையாட்டுமாகத்தான் போனது. நல்ல நாட்கள்.

முதல் வருடக் கடைசியில் மூன்றாம் நம்பர் ரோபோ பாதி வழியில் நின்றுவிட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். நான் மூன்று மணி நேரம் பார்த்தேன். மூடியைக் கழற்றினேன், மாட்டினேன், திரும்பக் கழற்றினேன். வகுப்பு முழுக்கச் சுற்றி நின்றது. அவள் வந்தாள், பின்பக்கம் போனாள், ஒரு வயர் முனையை விரலால் அழுத்தினாள். "என்னங்க, இது லூசா இருக்கு பாருங்க" என்றாள். ரோபோ ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வகுப்பிலேயே உயரமான பையன், நெட்டை என்று கூப்பிடுவார்களே, அவன் சொன்னான்: "அண்ணே, இனிமே நாங்க அக்காகிட்டயே கேட்டுக்கறோம். நீங்க ரெஸ்ட் எடுங்க."

சின்ன விஷயம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினொரு பேர் கைதட்டினார்கள். நெட்டை கடைசிவரை தட்டினான். டீ கொண்டுவருபவர்கூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். அதற்குப் பிறகு அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இரண்டாம் வருடம் அவளுடைய புராஜெக்ட் தொடங்கியது. நீங்கள்தான் வழிகாட்டி. தட்டில் தாறுமாறாகக் கிடக்கும் பேரிங்குகளைக் கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும். ரோபோ ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் குழியில் சரியாக இறக்க வேண்டும். குழிக்கும் பேரிங்குக்கும் இடையே தலைமுடி நுழையும் அளவுகூட இடைவெளி இருக்காது. முதல் நம்பர் ரோபோவில் செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது முதல் ஒன்று வரை அவளுக்கு நேரம் ஒதுக்கினீர்கள். இதைப் பார்க்க வந்த ஒரு தொழிற்சாலைக்காரர், கடைசி ரிவியூவில் இது ஓடினால் தன் புதிய பிரிவுக்கே அவளைப் பொறுப்பாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தத் தொழிற்சாலை இருப்பது வேறு ஊரில். எட்டு மணி நேரப் பயணம்.

அன்று சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அம்மாவுக்கு அந்த வேலை கெடச்சா நாம எல்லாரும் அங்க போயிடுவோமா? அப்பா, அங்க நீங்க என்ன பண்ணுவீங்க?"

என் மனைவி சிரித்துக்கொண்டே, "அப்பா வீட்டைப் பாத்துப்பாரு. எனக்கு மேல சுத்தமா வெச்சுப்பாரு" என்றாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நானும் விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தேன். அடுத்த செவ்வாய் காலை ஊசிக்கு ஊசி பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகு, முதல் நம்பர் ரோபோவின் திரையில் இருந்த எண்ணை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிவைத்தேன். ஒரு மணிக்கு அவள் சாப்பிடக் கிளம்பியதும் பழையபடி மாற்றிவிட்டேன். மற்ற பிள்ளைகளின் வேலை கெட்டுப்போகக் கூடாதல்லவா? அந்த அளவு பொறுப்பு எனக்கு உண்டு.

அன்று ஒரு பேரிங்கும் குழியில் இறங்கவில்லை. ஒவ்வொன்றும் விளிம்பில் முட்டி நின்றது. அவள் புரோகிராமைப் பார்த்தாள், விளக்கை நகர்த்தினாள், கேமராவைத் துடைத்தாள். சாயங்காலம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, "என்னமோ இன்னிக்கு ஒண்ணுமே சரியில்லைங்க" என்றாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னேன். என் தோளில் கை வைத்துக்கொண்டாள். அவள் அப்படிக் கை வைத்து வந்து பல மாதம் ஆகியிருந்தது.

அவள் கெட்டிக்காரி. நாலைந்து வாரம் போராடி, இரண்டு மில்லிமீட்டர் எங்கோ தள்ளிப்போகிறது என்று கண்டுபிடித்து, அதற்கு ஈடாகக் கேமராவின் கணக்கைத் திருத்தினாள். அது நல்ல திருத்தம். அதனால் அடுத்த முறை நான் எண்ணைத் தொடாமல் சரியாகவே விட்டுவிட்டேன். இப்போது அவள் செய்த திருத்தமே தப்பாகிவிட்டது. அவள் திருத்தத்தை நீக்கினால் நான் தள்ளிவைப்பேன். அவள் போட்டால் நான் சும்மா இருப்பேன். பாதி நாட்களில் நான் எதையுமே செய்யவில்லை மேடம், இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்புத் தோழர்கள் ஐந்தாறு பேர் இருக்கும்போது அவள் என் மேசைக்கு வந்தாள். குரலைத் தணித்துத்தான் கேட்டாள்.

"என்னங்க, தப்பா நெனைக்காதீங்க. அந்த ஊசிய ஒரு தடவை மாட்டிப் பாக்கலாமா?"

பதினாறு வருடத்தில் முதல் முறையாக ஒரு மாணவி அதைக் கேட்கிறாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் மனைவிக்குத்தான் அது தோன்றியது, வேறு யாருக்கும் தோன்றவில்லை. நான் இழுப்பறையைத் திறக்கவில்லை. நோட்டைத் திறந்து அன்றைய கையெழுத்தைக் காட்டினேன். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்த் தண்ணீர் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாள்.

கூடம் கோணல்தான். இரண்டு மில்லிமீட்டர் கோணல். ஆனால் அந்த இடத்தில் அந்தப் பழமொழியைவிடப் பொருத்தமாக வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் இரண்டு நாள் நான் அவளிடம் பேசவில்லை. கோபமில்லை. நாலு பேர் முன்னால் கட்டின புருஷனின் கையெழுத்தைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவளே யோசிக்கட்டும் என்று விட்டேன். மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது, "மன்னிச்சுடுங்க. என் தப்ப மெஷின் மேல போடப் பாத்தேன்" என்றாள். பெரிய மனது பண்ணி மன்னித்தேன். மறுநாள் மூன்று மில்லிமீட்டர் தள்ளினேன்.

இதற்கெல்லாம் முன்பே, நான் ஆரம்பித்த இரண்டாம் வாரத்தில், நீங்கள் லேப்பில் எல்லா ரோபோவையும் ஒரு கம்ப்யூட்டரோடு இணைக்கச் சொன்னீர்கள். எந்த மெஷின் எப்போது என்ன செய்தது, யார் எந்த எண்ணை மாற்றினார்கள் என்று எல்லாம் தானாகவே பதிவாகும், வருங்காலத் தொழிற்சாலை இப்படித்தான் இருக்கும் என்று ஒரு மணி நேரம் விளக்கினீர்கள். நான் பின்வரிசையில் நின்று கொட்டாவி விட்டேன். இரண்டு நாள் ஏணி மேல் ஏறி நின்று அந்த வயர்களை இழுத்துப் பொருத்தியவனும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இது. வயர் மாட்டுவதற்கு முன்னால் நான் மாற்றிய மூன்று முறைதான் உங்கள் தாளில் விட்டுப்போனது.

ஒரு முறை எல்லாம் கையைவிட்டுப் போயிருக்கும். நெட்டை நல்ல பையன். ஒரு புதன்கிழமை, "அக்கா, என் டைம்ல உங்க புரோகிராம ஓட்டிப் பாருங்க" என்றான். புதன்கிழமைகளில் நான் எதையும் தொடுவதில்லை. இருபது பேரிங்கும் வரிசையாகக் குழியில் இறங்கின. அவள் ஸ்டோர் ரூமுக்கு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இருபதும் உள்ள போயிடுச்சுங்க, இருபதும்" என்றாள். மூச்சு வாங்கியது. அவள் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது மேடம். என் வாழ்நாளில் நான் அவளை மிக அதிகமாக நேசித்த நொடி அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை அவள் என் தோளில் கை வைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து போனில் மகளோடு பேசிக்கொண்டே வந்தாள். அந்த ஊரில் பள்ளிக்கூடம் எப்படி, வீடு எங்கே பார்க்கலாம் என்று பேச்சு. நான் ஸ்கூட்டர் ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை அவள் தனியாக ஓட்டியபோது மறுபடி ஒன்றும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, யோசித்துத்தான் சொன்னேன்.

"பக்கத்துல ஆள் இருந்தா நல்லா செய்யற. தனியா விட்டா தடுமாறுற. அவ்வளவுதான். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

அவள் என்னைப் பார்த்தாள். மாதக்கணக்கில் விடை தெரியாமல் தவித்த கணக்குக்கு யாரோ விடை சொன்ன மாதிரி இருந்தது அவள் முகம். "ஆமாங்க, அப்படித்தான் இருக்கு" என்றாள். எவ்வளவு பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டும். நான் அதைத்தான் செய்தேன், பாரத்தை இறக்கினேன்.

கண்ணில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று அவள் பயந்தபோது கண் டாக்டரிடமும் அழைத்துப் போனேன். அரை நாள் விடுப்பு எடுத்தேன், வருகைப் பதிவேட்டில் இருக்கும். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "அப்ப வேற எதோ" என்றேன். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கடைசி ரிவியூ ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. தேதி குறித்தது நீங்கள், நான் அல்ல. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். தொழிற்சாலைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அவள் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதல் பேரிங் விளிம்பில் முட்டியது, ரோபோவின் விரல் ஒன்று முறிந்து தெறித்து ஜன்னல் பக்கம் போய் விழுந்தது. அவள் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினாள். அதை நிறுத்திய வேகம் மிகச் சரியானது, யாரும் அதைக் கவனித்துப் பாராட்டவில்லை. நீங்கள் மதிப்பீட்டுத் தாளில் 'கவனம் போதாது' என்று எழுதினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஒன்றரை வருடம் அவளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் நீங்கள், உங்களுக்கே அப்படித் தோன்றியதென்றால் எனக்குத் தோன்றாதா?

படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று அவள் கொடுத்த கடிதம் நான் எழுதியது. கையெழுத்து மட்டும் அவளுடையது. எங்கே போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினேன்.

ஏன் செய்தீர்கள் என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். பொறாமையா என்று கேட்டார் கம்ப்யூட்டர் சார். பொறாமை என்றால் அவள் தோற்றபோது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் அழுதேன். ஸ்டோர் ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு எந்தப் புருஷனுக்கு மனசு தாங்கும்? எனக்கு அவள் வேண்டும் மேடம். வேறு ஊருக்குப் போய், வேறு யாரோ கைதட்ட, வீட்டுக்கு வந்து போனில் பேசிக்கொண்டிருக்கிற ஒருத்தியல்ல. என்னங்க என்று கூப்பிடுகிறவள் வேண்டும். கூப்பிட்டால் ஒரு காரணம் இருக்க வேண்டுமல்லவா? அந்தக் காரணம் தேய்ந்துகொண்டே வந்தது. நான் அதை இரண்டு மில்லிமீட்டர் பிடித்து நிறுத்தினேன்.

இப்போது வந்து பாருங்கள், எங்கள் வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. காஸ் அடுப்பை அணைத்தேனா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாசல் தாண்டுவாள். பூட்டிய பூட்டை நான் ஒரு முறை இழுத்துப் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. மகள் கணக்கில் சந்தேகம் கேட்டால் மளமளவென்று போட்டுக் கொடுத்துவிட்டு, "அப்பாகிட்ட ஒரு தடவை காட்டிட்டு எழுது" என்கிறாள். பதினோராம் வகுப்புக் கணக்கில் எனக்கு ஒரு வரிகூடப் புரியாது. மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்பேன். சரியாகத்தான் இருக்கும்.

மகள் மட்டும் இப்போதெல்லாம் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறாள். போன வாரம், "அம்மா முன்னாடி இப்படி இல்லையேப்பா" என்றாள். வயசானா எல்லாரும் அப்படித்தான் என்றேன். சின்னப் பெண், மறந்துவிடுவாள்.

ஆக, செய்தது நான்தான். நாற்பத்தொரு முறை, என் கையால், என் கடவுச்சொல்லால், ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் செய்தேன். இதை நான் மறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நான் இல்லை. ரோபோவின் விரல் முறிந்ததற்கு மட்டும் வருந்துகிறேன். அது கல்லூரிச் சொத்து.

என்னை வேலையிலிருந்து நீக்குவதாக முடிவு செய்திருக்கிறீர்கள் என்று அலுவலகத்தில் காதில் விழுந்தது. நியாயம்தான். பகலில் அவள் வீட்டில் தனியாக இருக்கிறாளே என்று எனக்கும் கவலையாக இருந்தது. இனி கூடவே இருப்பேன்.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லப் போவதாகவும், மறுபடி ஒரு ரிவியூ வைக்கப் போவதாகவும் சொன்னீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன், நான் அப்படிப்பட்டவன் அல்ல. நீங்கள் வாயால் சொன்னால் அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். வீட்டுக்கு வந்து, "மேடம் என் மேல எரக்கப்பட்டு அப்படிச் சொல்றாங்க போல, இல்லைங்க?" என்று கேட்பாள். நம்ப மாட்டாள் என்று தெரிந்து, இந்தக் கடிதத்தையே அவள் கையில் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கல்லூரியிலிருந்து வருவது எதையும் இப்போது அவள் தானாகப் படிப்பதில்லை, தப்பாகப் புரிந்துகொண்டுவிடுவோமோ என்று பயம். உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து என்னிடம்தான் நீட்டுவாள். "நீங்களே படிச்சு, என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க" என்பாள்.

சொல்வேன். அதற்குத்தானே நான் இருக்கிறேன்.